அந்தம்மா கணவரிடம் சொல்லியிருந்தார்

ஒரு வெளிநாட்டுத் தலைவருடைய மனைவியைப் பற்றி என் மனைவி பல வருடங்களாக ஒரு குறை சொல்லிவந்தாள். கொடுத்த வாக்கை அந்தம்மா மறந்துவிட்டார் என்பதுதான் அந்தக் குறை. அவர் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். வேலைக்கு வந்த இடத்தில் பெண் எடுத்து, சூளகிரியை ஒட்டிய அவளுடைய கிராமத்திலேயே வீடு கட்டிக்கொண்டேன். அவள் பத்தாவது வரை படித்தவள். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் சந்தையில் கன்னடமுமாக வளர்ந்தவள். எனக்கு இத்தனை வருடம் கழித்தும் தெலுங்கு காதில் விழுந்தால் பாதி புரியும், பேச வராது.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது அவளை நிற்கச் சொன்னது நான்தான். அவளுக்குத் தகுதி இருக்கிறது என்று சொன்னேன். மனதுக்குள் நினைத்தது வேறு. சுவரொட்டியில் அவள் படத்தைவிட என் படம் பெரிதாக இருந்தது. ஜெயித்த பிறகு அலுவலகத்தில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கொஞ்ச நாளில் இரண்டு நாற்காலியும் இடம் மாறின. யார் மாற்றியது என்று நான் கேட்கவில்லை. வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்தால், "பிரசிடெண்ட் சார் இருக்காருங்களா?" என்பார்கள். "பேசறேன், சொல்லுங்க" என்பேன்.

ஆனால் ஓட்டு வாங்கியது அவள்தான். ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி, ஏரியைத் தாண்டி ஒரு குடியிருப்பு இருக்கிறது. தெலுங்கு பேசுகிற கூலிக் குடும்பங்கள். அது மொத்தமும் அவளுக்குத்தான் போட்டது. காரணம் ஒரு பாதை. தெலுங்கிலும் கன்னடத்திலும் பாதையைத் தாரி என்பார்கள், எங்கள் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் ஒரு வண்டித் தாரி நேராக வந்துகொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கத்து நிலத்தையும் தொழிற்சாலைக்கென்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது. அரசாங்க நில வரைபடத்தில் அந்தத் தாரி இல்லை. கம்பெனி சுவர் எழுப்பினால் பிள்ளைகள் ஹைவே ஓரமாகவே நடந்து, ஓசூர் லாரிகளுக்கு நடுவில் ரோட்டைக் கடந்து பள்ளிக்கு வரவேண்டும். சுவரை ஒட்டி இரண்டு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு இடம் விடச் சொல்கிறேன் என்று என் மனைவி அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கம்பெனியில் கேட்டபோது, எங்கள் கையில் ஒன்றுமில்லை, தலைமை அலுவலகம் அந்த நாட்டில் இருக்கிறது என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையின் இரண்டாம் பகுதியைத் திறந்துவைக்க அந்த நாட்டின் தலைவரே வருகிறார் என்று செய்தி வந்தது. கம்பெனியின் முதலாளியும் கூட வருகிறார். ஊராட்சித் தலைவர் மேடையில் வரவேற்புச் சொல்லவேண்டும், மதியம் கூட அமர்ந்து சாப்பிடவேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள்.

என் மனைவி மூன்று நாள் முன்கூட்டியே பேசிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். துணி துவைக்கும்போதும் பேசினாள். "அய்யா, உங்க கம்பெனி எங்க ஊருக்கு வந்தது சந்தோசம். எங்க புள்ளைங்க நடக்கறதுக்கு மட்டும் ஒரு தாரி உடுங்க." அவ்வளவுதான் அவள் சொல்லவேண்டியது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கம்பெனியின் மேலாளரும், மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் வெண்ணெய்.

"புரொபசர் சார், சின்னதா ஒரு அட்ஜஸ்ட்மெண்ட்ங்க. மேடத்துக்கு ஸ்பெஷல் டியூட்டி குடுத்திருக்கோம். வர்றவரோட மிசஸும் வர்றாங்க. அவங்க கூட மேடம் இருந்து பாத்துக்கட்டும். அங்கன்வாடி, ரோஜாத் தோட்டம், கோலம், அப்புறம் லேடீஸுக்குத் தனி டீ."

என் மனைவி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ஏங்க, பிரசிடெண்டு நான்தானே? வூடு மாறி வந்துட்டீங்களா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"மேடைக்கு சார் இருக்காருங்களே மேடம். இங்கிலீஷ்ல சரளமா பேசிருவாரு."

"எனக்கு இங்கிலீசு தெரியாது, அவருக்குத் தெலுங்கு தெரியாது. தாரி யாருதுன்னு பாத்தா நான்தானுங்களே பேசணும்?"

மேலாளர் முகம் மாறியது. அந்த நேரத்தில் நான் அவளுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. சட்டப்படி தலைவர் அவள். நான் சொன்னது இதுதான்: "நீங்க கெளம்புங்க, நான் பேசிக்கிறேன்."

அவர்கள் போன பிறகு அவளிடம் பேசினேன். வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினேன். தலைவர்களுடைய மனைவிமார்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியவன் நான். மாணவர்களுக்குப் பிடித்த பாடம் அது. அந்தப் பதவிக்குச் சட்டத்தில் இடமில்லை, சம்பளமில்லை, உறுதிமொழி இல்லை. ஆனால் காரில் அவருக்கு ஓர் இடம் உண்டு, விருந்தில் ஓர் இருக்கை உண்டு, என்ன உடுத்தினார் என்று எழுதப் பத்திரிகை உண்டு. சுதந்திரப் போராட்டக் காலத்தில் கணவர் சிறைக்குப் போனால் வெளியே இயக்கத்தை நடத்தியவர்கள் உண்டு, தாமே சிறைக்குப் போனவர்களும் உண்டு. விடுதலை வந்த பிறகு அவர்களில் பலரை விருந்தினரின் மனைவிக்குப் பட்டு நெசவு காட்டுகிற வேலையில் உட்கார வைத்தார்கள். இரண்டு தலைவர்கள் ஓர் அறையில் பேசும்போது மனைவிமார்களைத் தோட்டத்துக்கு அனுப்புவது எதற்காக? அந்த அறையில் அவர்கள் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். வகுப்பில் இப்படிச் சொல்லிவிட்டு மேசையைத் தட்டுவேன். பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

என் மனைவியிடம் அதைத் தலைகீழாகச் சொன்னேன்.

"உனக்கு விஷயம் தெரியல. வரலாறு பூரா தலைவருங்களோட முடிவ மாத்தினது அவங்க சம்சாரங்கதான். மேடையில ஒரு நிமிஷம் பேசினா யாரு காதுல ஏறும்? அந்தம்மா காதுல போட்டா அன்னிக்கே அவரு காதுக்குப் போயிரும். உனக்குத்தான் பெரிய வேலை கெடச்சிருக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவா சொல்றீங்க?"

"இருபத்தஞ்சு வருஷமா இதத்தான நடத்தறேன்."

அவள் நம்பினாள். நான் சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை. அவளை ரோஜாத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த அறையில் நான் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. பணத்துக்கு ஆசைப்படவில்லை. ஒரு நாட்டின் தலைவருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும், அந்தப் படம் பத்திரிகையில் வரவேண்டும், என் பழைய மாணவர்கள் அதைப் பார்க்கவேண்டும்.

மறுநாள் மேடையில் என்னை ஊராட்சித் தலைவர் என்றே அறிமுகப்படுத்தினார்கள். நான் மறுக்கவில்லை. என் ஆங்கில வரவேற்பில் எங்கள் மாவட்டத்து மாம்பழம் வந்தது, மலைக்கோட்டைகள் வந்தன, இரண்டு நாட்டு நட்பு வந்தது. தாரி வரவில்லை. அதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதிய உணவுக்குத் தொழிற்சாலைக்குள் குளிரூட்டிய ஒரு கூடம். நீண்ட மேசையில் நடுவில் தலைவர், ஒரு பக்கம் கம்பெனி முதலாளி, மறுபக்கம் ஓர் இருக்கை தள்ளி நான். காலியாக இருந்த இருக்கை தலைவரின் மனைவிக்கு. அவர் தாமதமாக வந்தார். வயதானவர், வெள்ளைச் செருப்பு. அந்தச் செருப்பு முழுக்கச் செம்மண்ணாக இருந்ததைப் பார்த்து மேலாளர் எழுந்து ஓடினார். அந்தம்மா கையை அசைத்து அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தம் கணவர் பக்கம் சாய்ந்து அவர்கள் மொழியில் பேச ஆரம்பித்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்தக் கோட்டின் குறுக்கே இன்னொரு கையை வைத்து அடைத்துக் காட்டினார்.

தலைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மனைவியைத் தாண்டி என் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற பாதையை எங்கள் சுவர் அடைக்கப்போகிறது என்று என் மனைவி சொல்கிறாள், நீங்கள் இந்த ஊரின் தலைவர், அது உண்மையா என்றார்.

கம்பெனி முதலாளி சாப்பிடுவதை நிறுத்தினார். எதிரில் மேலாளர் என்னைப் பார்த்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதற்குமேல் நான் விளக்கக்கூடத் தேவையில்லை. ஆனால் அந்த மேசையில் அத்தனை பேரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். அதைக் கெடுக்கிறவனாக நான் இருக்க விரும்பவில்லை. "சின்ன விஷயம் ஐயா, அது முடிந்துவிட்டது. அவர்களுக்கு வேறு சாலை இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல உச்சரிப்பில் சொன்னேன்.

தலைவர் தலையசைத்தார். மனைவியின் கையை மெல்லத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார். சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்கிற தட்டல். அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். தாம் கண்ணால் பார்த்துவிட்டு வந்ததை நான் பொய்யாக்குகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். விருந்து மேசையில் தங்களை வரவேற்ற ஊர்த் தலைவரைப் பொய்யர் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அதுவும் நான் வகுப்பில் நடத்திய பாடம்தான்.

அப்போது என் மனைவி வெளியே ஷாமியானாவில் அங்கன்வாடிப் பணியாளர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ரோசாத் தோட்டத்துக்குப் போற வண்டிய நானு ஏரிப் பக்கம் திருப்பச் சொல்லிட்டேன். கூட வந்த இங்கிலீசு பேசற பொண்ணு அழுவாத கொற. அந்தம்மா எறங்கி நடந்தாங்க! அந்தச் செருப்பப் போட்டுக்கினு நம்ம தாரில நடந்தாங்க. எங்க கையப் புடிச்சிக்கினு எல்லாத்தையும் கேட்டாங்க. 'என் வூட்டுக்காரர்கிட்ட இன்னிக்கே சொல்றேன்'னு அந்தப் பொண்ண உட்டுச் சொல்லச் சொன்னாங்க. நீங்க சொன்னாப்லதான் ஆச்சு." பிறகு என் பக்கம் வந்து உட்கார்ந்தாள். "சாப்பாட்டுல நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? எதுனா சொன்னாங்களா?"

"இல்ல" என்றேன்.

சுவர் எழும்பியது. கடைசிக் கல் வைக்கிற வரைக்கும் அந்த நாட்டிலிருந்து சொல்லி அனுப்புவார்கள் என்று அவள் காத்திருந்தாள். குடியிருப்புப் பெண்களையும் காத்திருக்கச் சொன்னாள். அவர்கள் சுவர் கட்டுகிற இடத்தில் போய் உட்காரத் தயாராக இருந்தார்கள். அந்தம்மா வாக்குக் கொடுத்திருக்காங்க, நாமளே கெடுத்துக்கக் கூடாது என்று சொல்லி அதைத் தடுத்ததும் அவள்தான். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

பிறகு பிள்ளைகள் ஹைவே ஓரமாக நடந்தார்கள். எட்டாவது முடித்த பெண் பிள்ளைகளை அவர்கள் வீட்டில் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். பால் ஊற்றப் போன ஒரு பெண் லாரி ஒதுக்கியதில் கேனோடு பள்ளத்தில் விழுந்து இடுப்பு உடைந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். அடுத்த தேர்தலில் என் மனைவி நிற்கவில்லை. நின்றாலும் அந்தக் குடியிருப்பில் ஒரு ஓட்டு விழுந்திருக்காது.

சூளகிரி சந்தையில் அந்தப் பெண்கள் அவளைப் பார்த்தால் விடமாட்டார்கள். "என்னக்கா, உன் தொரசானி லெட்டர் போட்டாங்களா?" என்பாள் ஒருத்தி. "லெட்டரு எதுக்குடி, ஏரோப்ளேன்ல தாரி வருது, எறங்க எடந்தான் இல்ல" என்பாள் இன்னொருத்தி. என் மனைவியும் கூடச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைக்கும்போது, "பெரிய எடத்துப் பொம்பளைங்களுக்கு நம்மளாட்டம் ஆளுங்க நெனப்பு கார் ஏர்ற வரைக்கும்தான்" என்பாள். நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

சமீபத்தில் ஒரு நாள் காலையில் அவள் கைபேசியை என்னிடம் நீட்டினாள். "இவங்கதான?" அந்தம்மாவின் படம். கணவர் பதவி போய் வருடங்கள் ஆகின்றன. அந்தம்மா இறந்துவிட்டார் என்று செய்தி.

"பாவம்" என்றாள் என் மனைவி. "நல்ல பொம்பள. என் கைய எப்பிடிப் புடிச்சாங்க தெரியுமா? அவங்களுக்கு ஆயிரம் சோலி இருந்திருக்கும், மறந்துட்டாங்க. எனக்கு இனிமே கோவமில்ல."

செய்யாத தவறுக்காக அந்தம்மாவை அவள் மன்னித்ததை என்னால் தாங்க முடியவில்லை. அவர் மறக்கவில்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவளை ஏன் தோட்டத்துக்கு அனுப்பினேன் என்பது உட்பட.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "நீங்க சொன்னத அப்பிடியே சொல்லுங்க" என்றாள். ஆங்கிலத்தில் சொல்லி, பிறகு தமிழிலும் சொன்னேன்.

"வேற ரோடு இருக்குதுன்னீங்களா? எந்த ரோடு?"

"ஹைவேயத்தான் சொன்னேன்."

"அந்தம்மா எனக்காகச் சண்ட போட்டிருக்காங்க. அவங்களப் போயி நானு ஊரு பூரா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போய்விட்டாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குடியிருப்புக்குப் போகக் கிளம்பினாள். நானும் சட்டையை மாட்டினேன்.

"நீங்க வராதீங்க. வந்தா நீங்கதான் பேசுவீங்க."

மதியம் தாண்டித்தான் வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "சிரிச்சாங்க. 'தொரசானி நல்லவங்கதான், நம்ம சாருதான் தொர'ன்னு அந்த இடுப்பு ஒடஞ்சவ சொன்னா." பிறகு, "கம்பெனிக்காரங்க இப்ப இன்னொரு பக்கம் கட்டறதுக்கு அனுமதி கேட்டிருக்காங்க. இப்பயாச்சும் தாரி உடச் சொல்லி திங்கக்கெழம கலெக்டராபீஸ்ல மனு குடுக்கறோம். அன்னிக்கு அந்தத் தலைவரே கேட்டாரு, பொய் சொல்லித்தான் மூடிட்டாங்கன்னு நீங்க வந்து சொல்லணும். சொல்வீங்களா?" என்றாள்.

சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்துக்குக் கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போனோம். அவளும் குடியிருப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் முன்னால் ஏறினார்கள், நான் பின்னால். எங்கள் முறை வந்தபோது அவள் மனுவை நீட்டினாள். வாங்கிய அதிகாரி இளைஞர். தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தவர், கண்ணாடி போட்ட என்னைக் கண்டதும், "சார், நீங்க படிச்சவரா தெரியறீங்க. என்ன விஷயம்னு சுருக்கமா நீங்களே சொல்லிருங்களேன்" என்றார்.

"ஐயா, விஷயம் என்னன்னா..." என்று நான் ஆரம்பித்துவிட்டேன். தாரி எந்தக் காலத்தது, நிலம் எப்போது கைமாறியது என்று நாலைந்து வாக்கியம் பேசிய பிறகுதான் பின்னால் ஒருத்தி இருமுவது கேட்டது. நிறுத்தினேன்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் என் மனைவி. அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "மனு எங்களுதுங்க. இவரு சாட்சி." பிறகு அவள் பேசினாள். நான் பேசியதைவிடக் குறைவான நேரம்தான் பேசினாள். பிள்ளைகள், லாரி, சுவர், இரண்டு மாட்டுவண்டி அகலம். அதிகாரி குறித்துக்கொண்டார், நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வருவாரா என்று தெரியாது.

கடைசியில் அவர் என்னிடம் கேட்டார். அந்த நாட்டுத் தலைவர் கேட்டதாக மனுவில் இருப்பது உண்மையா? உண்மை என்றேன். நான் என்ன பதில் சொன்னேன்? அதையும் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"அவர் பக்கத்துல உக்கார எடம் குடுத்திருந்தாங்க" என்றேன். அதைவிட நல்ல காரணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி அதைக் காது மந்தமான இன்னொருத்திக்குத் தெலுங்கில் எடுத்துச் சொன்னாள். அது எனக்கு முழுவதும் புரிந்தது. அந்தக் கிழவி, "அந்தேனா?" என்று கேட்டாள். அவ்வளவுதானா என்று அர்த்தம்.